பல்லில்லாத மண்டையோடு

அன்பு மகளே,

பார்சல் போட்டாயிற்று. நாம் வெட்டிய காகிதத் தோரணம் 10 சரம், ஒவ்வொன்றிலும் 10 தாள். நியூயார்க்கில் பிளாஸ்டிக் தோரணம் மலிவாகக் கிடைக்கிறது, மழைக்கும் தாங்கும், அதையே வாங்கிக் கட்டிவிடவா என்று போனில் கேட்டாயே, அன்றைக்கு உன் அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

மலிவு என்பது சரிதான். ஆனால் நம் மெக்சிகோவின் இறந்தோர் நாள் படையலில் தண்ணீர், மெழுகுவர்த்தி, பழம், ரொட்டி எல்லாம் இருக்க, காற்றுக்கு உரிய இடம் இந்தக் காகிதத் தோரணத்துக்கு, நம் பப்பேல் பிகாடோவுக்குத்தான். யாராவது கதவைத் திறந்தாலே அந்த மெல்லிய தாள் அசையும். பிளாஸ்டிக் சும்மா படபடக்கும்.

அங்கே யாராவது கேட்டால் நம் ஊர்ப் பெயரைச் சொல்: சான் சால்வடோர் விஸ்கோலோத்லா. 1998இல் பூப்ளா மாநில அரசே நம் தாள்வேலையைப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தது. அதற்காக உளி தானாகக் கூராகிவிடவில்லை, இன்றும் நான்தான் தீட்டுகிறேன்.

அந்த உளியை நீ மறந்திருக்க மாட்டாய். சீனக் காகிதத்தை ஐம்பது ஐம்பதாக அடுக்கி, மேலே மாதிரிப் படத்தை வைத்து, அடியில் ஈயத் தகடு கொடுத்து, சுத்தியலால் தட்ட வேண்டும். உளி கொஞ்சம் சாய்ந்தால் மேல் தாளில் பூ, அடித் தாளில் புழு. அப்புறம், கண்ணோ பல்லோ எதுவானாலும் ஒரு நரம்பளவு காகிதமாவது பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்பது வயதில் நீ அதை மறந்தாய். அடுக்கைப் பிரித்ததும் ஐம்பது மண்டையோட்டின் பல்லும் பொலபொலவென்று மடியில் கொட்டியது. நீ அழுத அழுகை! தாத்தா அதையெல்லாம் நூலில் ஒட்டி நம் வாசலிலேயே கட்டினார். "இவங்களும் என் வயசுக்காரங்கதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

அக்டோபர் 31 இரவே கட்டிவிடு. மறுநாள் இறந்துபோன குழந்தைகள் வருவார்கள், 2ஆம் தேதி இறந்துபோன பெரியவர்கள். மெழுகுவர்த்திக்கு நேர் மேலே வேண்டாம், போன வருடம் இங்கே ஒரு சரம் கருகிவிட்டது. செண்டுமல்லி கிடைக்காவிட்டால் எந்த மஞ்சள் பூவானாலும் வை.

பெட்டியின் அடியில் அட்டைக்குள் ஒரு தாள் தனியாக இருக்கும். ஊதா நிறம் வெளுத்துப்போயிற்று, பார்த்துப் பிரி. உன் ஐம்பதில் ஒன்றைத் தாத்தா எடுத்து வைத்திருந்திருக்கிறார், அவர் பெட்டியை ஒழித்தபோதுதான் கிடைத்தது. அதை மட்டும் அவர் படத்துக்குப் பக்கத்தில் கட்டு.

அப்பா