நமது ஊர் விவசாயிகள் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

செயற்குழு நான்கு முறை கூடியது. வாய்க்கால் தூர்வார மனு கொடுத்தோம். மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம் நடந்தது.

இனி மருந்தடிப்புப் பாதுகாப்புப் பயிற்சி. செயலாளரான நான் என் இஷ்டத்துக்குச் செய்த செலவு என்று டீக்கடையில் பேச்சு ஓடுவதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம். இரண்டு போகம் என்றால் மருந்தடிப்பும் இரண்டு மடங்கு. மருந்து, மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம், பயம் எங்கிருந்து வரும்? வந்த வேளாண் அலுவலர் முதல் வேலையாக அதை விஷம் என்று சொல்ல வைத்தார். டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் கடும் விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று காட்டினார். பச்சையென்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை என்றதும் பயிற்சிக்கு வந்த மருந்தடிக்கும் ஆட்கள் சிரித்தார்கள். தோல் வழியாகவும் ஏறும் என்றதும் சிரிப்பு நின்றது. முதுகில் மாட்டும் மருந்து டேங்கின் மூடி ஒழுகி முதுகு நனையாதவர் அங்கே யார்? கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் வந்தது.

அடுத்த வாரம் வயலில் போய்ப் பார்த்தால், மருந்து பீய்ச்சும் நாசில் அடைப்பை வாயால் ஊதக்கூடாது என்று முதல் ஆளாகக் கை தூக்கிச் சொன்ன தம்பியே ஊதிக்கொண்டிருக்கிறான். கையுறை மோட்டார் ரூம் ஆணியில் தொங்குகிறது. கேட்டேன். "அண்ணே, டேங்க் கணக்குல கூலி. இந்த வெயில்ல அதப் போட்டுக்கிட்டு அடிச்சா ரெண்டு டேங்க் குறையும். நீங்க தருவீங்களா?" என்றான். பதில் இல்லை. 20 வருடம் நானும் ஊதியவன்தான்.

அப்புறம் பழைய பல் பிரஷ் ஒன்றைக் கயிற்றில் கோத்து ஒவ்வொரு டேங்கிலும் கட்டிவிட்டோம். ஊதுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. வரப்பில் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் வைத்த வயல்களில் கை கழுவிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். வைக்காத இடத்தில் பயிற்சி பெற்றவரும் வேட்டியில் துடைத்துக்கொள்கிறார். மருந்தடித்த சட்டையை வீட்டுத் துணியோடு ஊறப்போடக் கூடாது என்பதை ஆண்களிடம் சொல்லிப் பயனில்லை. துவைக்கிற பெண்களிடம் சொன்னதும் மறுநாளே தனி வாளி வந்தது.

குடம் வைப்பதும் கூலியை மாற்றுவதும் நிலக்காரர்களான நம் கையில் இருக்கிறது. ஆனால் ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு உறுப்பினர்கள் வீட்டில் இருந்துகொண்டார்கள். எலுமிச்சைச் சாதம் பரிமாறும்போது ஐந்தாறு பேர் வந்தார்கள், அதையும் பதிவு செய்கிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. சில்லறைச் செலவுகள் என் கையிலிருந்து போனவை, பொருளாளருக்குத் தெரியும். ஆண்டுச் சந்தா 200 ரூபாய்தான், பாதிப்பேர் பாக்கி. பெயர்களைப் படிக்கச் சொன்னார்கள். இந்த முறை படிக்கவில்லை.

மண்டபம் தந்த கோயில் கமிட்டிக்கும் மைக் செட் தம்பிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு யார் செயலாளராக வந்தாலும் நோட்டையும் சாவியையும் கொடுத்துவிடத் தயார். நானே தொடர வேண்டுமென்றால், மருந்தடிப்புக்கு டேங்க் கணக்கை விட்டு நாள் கூலி என்பதை முதல் போகத்துக்கு நாற்று விடுவதற்குள் பேசி முடிக்க வேண்டும். பாக்கிச் சந்தாவை இன்றே கட்டலாம். பொருளாளர் வாசல் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார்.