தெரபிக்கு போற குழந்தைய எதுக்குங்க அட்மிட் பண்ணணும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாள் முன்னாடி உங்க பேப்பர்ல ஹெல்த் இன்சூரன்ஸ் பத்தி ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, ஆபரேஷன், டெங்கு, ஹார்ட்டு எல்லாம் இருந்துச்சு, நல்லா தான் எழுதியிருந்தாங்க, ஆனா வாரத்துல ஆறு நாள் குழந்தைய தெரபிக்கு தூக்கிட்டு ஓடுற எங்கள மாதிரி அம்மா அப்பாவுக்கு அதுல ஒரு வரி கூட இல்ல. அதனால தான் இத எழுதுறேன்.

என் பையனுக்கு அஞ்சு வயசு. ரெண்டரை வயசுல ஆட்டிசம்னு டாக்டர் சொன்னாங்க. சீக்கிரம் ஆரம்பிச்சா நல்ல முன்னேற்றம் இருக்கும்னு சொன்னதால மறு வாரமே தெரபியில சேர்த்துட்டோம். ஸ்பீச் தெரபி, அதாவது பேச்சு பயிற்சி மூணு நாள், கை விரல் வேலையும் அன்றாட வேலையும் பழக்கற ஆக்குபேஷனல் தெரபி மூணு நாள், ஒரு செஷன் முக்கால் மணி நேரம், திருச்சியில நாங்க குடுக்கறது செஷனுக்கு 600 ரூபாய். மாசத்துக்கு 24 செஷன்னு வச்சாலே 14,400 ஆச்சு, இதுல ஆட்டோ செலவு சேர்க்கல. என் வீட்டுக்காரர் சம்பளம் 38,000. வாடகை, மளிகை, மாமியாருக்கு சுகர் மாத்திரை எல்லாம் அதுக்குள்ள தான். முதல் வருஷமே என் செயின் அடகுக்கு போயிடுச்சு.

தெரபின்னா என்ன, சும்மா விளையாட வைக்கிறாங்க, அதுக்கா இவ்வளவு காசுன்னு சொந்தக்காரங்களே கேக்கறாங்க. துணி காயப்போடற கிளிப் இருக்குல்ல, அத ஒரு அட்டையோட ஓரத்துல வரிசையா மாட்ட சொல்லுவாங்க. விரல்ல பலம் வந்தா தான் நாளைக்கு சட்டை பட்டன் போட முடியும், பென்சில் பிடிக்க முடியும். அந்த கிளிப்ப அழுத்தி ஒரு தடவை திறக்கவே என் பையனுக்கு ஆறு வாரம் ஆச்சு. முன்னாடி தாகம் எடுத்தா என் கைய பிடிச்சு இழுத்துட்டு போய் பானை முன்னாடி நிறுத்துவான், ஸ்பீச் போயி பத்து மாசம் கழிச்சு ஒரு நாள் டம்ளர நீட்டி "தா"ன்னான். அந்த ஒரு எழுத்துக்கு நாங்க எவ்வளவு குடுத்திருந்தாலும் தகும், ஆனா குடுக்க இருந்தா தானே. நடுவுல காசு இல்லாம ரெண்டு மாசம் தெரபிய நிறுத்தினோம், மறுபடியும் மிக்ஸி சத்தத்துக்கு காத பொத்திக்கிட்டு வாசல் தாண்டி ஓட ஆரம்பிச்சுட்டான், அத சரி பண்ண நாலு மாசம் போச்சு.

இப்ப இன்சூரன்ஸ் கதைக்கு வரேன். வீட்டுக்காரர் கம்பெனியில குரூப் பாலிசி, மூணு லட்சம் கவர், பையன் பேரும் இருக்கு. ஆறு மாச பில்ல அடுக்கி, டாக்டர் எழுதின சீட்டோட அனுப்பினோம். மூணு வாரம் கழிச்சு பதில் வந்துச்சு, 24 மணி நேரம் அட்மிஷன் இல்ல, இது ஓபிடி, அதாவது அட்மிட் ஆகாம பாக்கற செலவு, கவர் ஆகாதுன்னு. இன்சூரன்ஸ் ஆபீசுக்கு போன் பண்ணா எடுத்த பொண்ணு பொறுமையா தான் பேசுச்சு, "மேடம், டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தா அனுப்புங்க"ன்னுச்சு. தெரபிக்கு போற குழந்தைக்கு எங்கேர்ந்துங்க டிஸ்சார்ஜ் சம்மரி வரும்? படுக்க வச்சா தான் காசு, நடக்க வைக்கறதுக்கு காசு இல்லன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு எனக்கு.

இதுல சட்டம் இல்லாம இல்ல. 2017 மனநல பராமரிப்பு சட்டம், 21ம் பிரிவு, உடம்பு நோய்க்கு இன்சூரன்ஸ் எப்படியோ மனநோய்க்கும் அப்படியேன்னு சொல்லுது. படிச்சதும் சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் தான் புரிஞ்சுது, உடம்பு நோய்க்கே பெரும்பாலான பாலிசி அட்மிஷனுக்கு தானே தருது, அதே மாதிரின்னா இதுக்கும் அட்மிஷன் தான். அதுக்கு மேல ஆட்டிசம் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கற 21 இயலாமைகள்ல ஒண்ணு, அது நோயே இல்லன்னு ஒரு வாதம் வருது. நோய் இல்லன்னா கிளெய்ம் இல்ல, நோய்னா அட்மிட் ஆகு. எந்த கதவ தட்டினாலும் பூட்டு தான்.

ஒரு வழி இருக்கு, ஆனா அத எனக்கு எந்த ஆஸ்பத்திரியிலயும் சொல்லல, தெரபி சென்டர் வாசல்ல செருப்பு கழட்டும்போது இன்னொரு அம்மா சொன்னாங்க. நிராமயான்னு மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட் நடத்துற திட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை குறைபாடு இந்த நாலுக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் கவர், சேர்றதுக்கு மெடிக்கல் டெஸ்ட் கிடையாது, ஓபிடியும் தெரபியும் கூட இருக்கு. நாங்க கட்டினது 500 ரூபாய். முதல்ல இயலாமை சர்டிபிகேட் வேணும், அதுக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு நாலு நடை நடக்கணும், ஆனா நடக்கலாம். வாங்குற ஒவ்வொரு பில்லும் ஒரிஜினலா பத்திரமா வையுங்க, டாக்டர் தெரபி எழுதின சீட்டு கூட இருக்கணும், துண்டு சீட்டுல தொகைய மட்டும் எழுதி குடுத்தா வாங்காதீங்க. நிராமயாவுல எங்களோட முதல் கிளெய்ம் அப்படித்தான் திரும்பி வந்துச்சு.

இதுலயும் ஒரு லட்சம்னு போட்டிருந்தாலும் தெரபிக்குன்னு உள்ள ஒரு தனி உச்சவரம்பு இருக்கு, எங்களுக்கு அது ரெண்டு மாசத்துக்கு கூட முழுசா காணாது. மீதி பத்து மாசம்? பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்ல டிஇஐசின்னு, குழந்தைங்க வளர்ச்சி குறைய சீக்கிரமே கண்டுபிடிச்சு பயிற்சி குடுக்கற மாவட்ட சென்டர் இருக்கு, அங்க தெரபி இலவசம், இருக்கறவங்க நல்லாவும் செய்யறாங்க, ஆனா எங்களுக்கு வாரத்துக்கு ஒரு செஷன் தான் கிடைச்சுது, அவங்க மேல தப்பு இல்ல, குழந்தைங்க அவ்வளவு பேர் வராங்க, தெரபிஸ்ட் கம்மி. சம்பளத்துல வரி பிடிக்கறவங்க இயலாமை உள்ளவங்கள பராமரிக்கறதுக்கான வரிக் கழிவ (1961 வருமான வரி சட்டத்துல 80டிடி பிரிவு) பாருங்க, இயலாமை 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னா 75,000, 80 சதவீதமோ அதுக்கு மேலயோன்னா 1,25,000 வருமானத்துல கழிச்சுக்கலாம், ஆனா பழைய வரி முறையில இருந்தா மட்டும் தான்.

கிளெய்ம மறுத்துட்டாங்கன்னு அப்படியே விடாதீங்க. முதல்ல இன்சூரன்ஸ் கம்பெனிக்கே எழுத்துல புகார் குடுங்க, ஒரு மாசத்துல சரியான பதில் வரலன்னா இன்சூரன்ஸ் புகார விசாரிக்கற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் கிட்ட போகலாம், நம்ம மாநிலத்துக்கு ஆபீஸ் சென்னையில இருக்கு, பீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நானும் எழுதி போட்டிருக்கேன்.

முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல காது கேக்காத குழந்தைக்கு ஆபரேஷன் பண்ணி காக்ளியர் இம்ப்ளாண்ட்னு கேக்க வைக்கற மெஷின் வைக்கறாங்க, அதுக்கப்புறம் பேச்சு பயிற்சியும் சேர்த்தே தராங்க. மெஷின் வச்சா மட்டும் போதாது, பயிற்சி குடுத்தா தான் குழந்தை பேசும்னு அரசுக்கு தெரிஞ்சிருக்கு. அப்ப ஆபரேஷன் தேவைப்படாத குழந்தையோட பேச்சு பயிற்சிக்கும் அதே கார்டுல இடம் குடுக்க என்ன தடை? சுகாதாரத் துறைய இத உங்க நிருபர் மூலமா கேளுங்க. நிராமயா தெரபி வரம்ப ஏத்த சொல்லி நம்ம எம்பிக்களயும் கேளுங்க. அப்புறம் அடுத்த தடவை இன்சூரன்ஸ் பக்கம் போடும்போது நிராமயா பேர ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்க. அந்த அம்மா அன்னிக்கு செருப்பு கழட்டற இடத்துல என்கிட்ட பேசாம போயிருந்தா எனக்கு இன்னி வரைக்கும் தெரிஞ்சிருக்காது.

இப்படிக்கு,
ஒரு அம்மா,
திருச்சி