அம்மாவுக்கு, பாப்பா வாசித்துக் காட்டட்டும்

அம்மா,

டிக்கெட் போட்டாச்சு. ஒன்றுதான் போட்டேன்.

பாப்பா, இதை அப்பாயிக்கு மெதுவாக வாசி. அடுப்படியில் ஆள் இருக்கும்போது வேண்டாம். யார் யார் காதில் விழும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், அதனால் சில இடத்தில் சுற்றி வளைத்துத்தான் வரும். ஊரே படிக்கிற இடத்தில் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நேரில் ஆரம்பித்தால் "சோறு போடவா புள்ள" என்று எழுந்து போய்விடுவீர்கள், அதனால்தான்.

டிசம்பர் லீவோடு சேர்த்து முப்பது நாள். முதலில் சென்னை, அங்கிருந்து கோத்தகிரி, மாமா வீட்டுக்கு. போனால் கப்பலில்தான் போவேன் என்று நீங்கள் பிடித்த பிடிக்காக அதையும் விசாரித்தேன். காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், ஆனால் மாரி மழை இறங்கினால் நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே பிளேன். அப்புறம் சிங்கப்பூர், நம் இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா கேட்காது. மலேசியாவுக்கு ஈ-விசா போட்டிருக்கிறேன். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் பாடாங் பெசார், அந்த ஒரே ஸ்டேஷனுக்குள் மலேசியா வெளியே போக முத்திரை குத்தும், தாய்லாந்து உள்ளே வர முத்திரை குத்தும், கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏற வேண்டியதுதான். தாய்லாந்து 2024 ஜூலையில் நம் ஆட்களுக்கும் விசாவை எடுத்துவிட்டது. இதையெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு பேருக்கான கணக்காகத் தொடங்கிய கொப்பி.

அந்தக் கொப்பியைத் திறந்தால் எனக்கு உங்கள் விரல்தான் ஞாபகம் வருகிறது.

2019-ல் உங்கள் பாஸ்போர்ட்டுக்குக் கைரேகை கொடுத்த அன்று. சின்னக் கண்ணாடி, அடியில் பச்சை வெளிச்சம். கட்டைவிரலை வைத்தீர்கள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வழுவழுப்பு, குறுக்கே இரண்டு வெட்டுக்கோடு, அவ்வளவுதான். மறுபடி வைத்தீர்கள். அந்தப் பொடியன் கண்ணாடியைத் துடைத்தான், விரலைத் துடைக்கச் சொன்னான், சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னான். அவன்மேல் தப்பில்லை, தன்மையாகத்தான் பேசினான். நாற்பது வருசம் தேயிலைக் கொழுந்து கிள்ளின விரலில் என்ன ரேகை மிஞ்சும்? நீங்கள் முந்தானையில் துடைத்துத் துடைத்து, "மன்னிச்சிக்கங்க தம்பி" என்றீர்கள். ரேகை இல்லாமல் போனதற்கு மன்னிப்பு. வரிசையில் நின்ற ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது, "ஒழுங்கா அழுத்துங்கம்மா, எத்தனை தடவை சொல்றது" என்று கத்தினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போடுகிற அதே சத்தம்.

கடைசியில் எப்படியோ மெஷின் ஒத்துக்கொண்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டே வந்தீர்கள். எனக்கு வாங்கின வடையை இடது கையால் நீட்டினீர்கள். நீங்கள், இடது கையால். யாராவது அப்படி நீட்டினால் திட்டுகிற ஆள்.

மன்னித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு லீவு கிடைத்ததே பெரிய பாடு, கடைசி பஸ்ஸை விட்டால் ஹட்டனில் இருந்து மேலே ஏற வழியில்லை, தலைவலி வேறு. இதெல்லாம் உண்மைதான். இதையெல்லாம் ஒருநாள் உங்களிடம் சொல்லவும் வந்தேன். சோறு போட எழுந்துவிட்டீர்கள்.

ஆனால் அம்மா, நீங்கள் செய்ததும் சரியில்லை. அந்த ஈ.பி.எப். சேமலாபக் காசு உங்களுடையது, உங்கள் முதுகில் கூடை சுமந்த காசு, யாருக்குக் கொடுப்பதென்பது உங்கள் இஷ்டம். இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். ஆட்டோ நன்றாக ஓடட்டும். (பாப்பா, இந்த வரியை விட்டுவிடு.) எனக்குக் காசு விசயம் இல்லை. "தம்பியைப் பார்க்கப் போவோம், போவோம்" என்று சொல்லிச் சொல்லியே என்னைச் சீட்டுக் கட்ட வைத்தது நீங்கள். மாமா 2021-ல் தவறிப்போனார். "இனி யாரைப் பார்க்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அவர் பிள்ளைகள் அங்கே அத்தை வருவார் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சரி, அவர்களையும் விடுங்கள். நான் யாரோடு போக ஆசைப்பட்டேன் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் என்று வருசா வருசம் கரும்பலகையில் எழுதுகிறேன். எழுதும்போது எனக்குத் தெரிவதெல்லாம் அவர்களை ஏற்றிப்போன ரயிலின், அந்த அழுகைக் கோச்சியின், ஜன்னலில் ஒரு பொடியன் முகம்தான், அதுவும் நீங்கள் சொல்லித் தெரிந்த முகம். அந்த ஆள் இருந்த வீட்டு வாசலிலாவது உங்களைக் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று நினைத்தேன்.

"ஒரு பொம்பளப் புள்ள தனியா ஒரு மாசமா" என்று தோட்டத்து லயத்தில் கேட்டதும் காதுக்கு வந்தது. வயது முப்பத்தொன்பது என்று சொல்லிவிடுங்கள்.

தாய்லாந்தில் காஞ்சனபுரிக்கு இரண்டு நாள் வைத்திருக்கிறேன். 1942, 43-ல் ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதையைப் பற்றி ஒருநாள் உங்களுக்குச் சொன்னேன். மலாயா ரப்பர் தோட்டத்துச் சனத்தை அள்ளிக்கொண்டு போனதை, வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அங்கே பெயர் பொறித்த கல் வரிசையாக இருப்பதை, நம் கூலி ஆட்களுக்கு அப்படி இல்லாததை. "அங்கயும் நம்ம ஆளுகளா" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தீர்கள். அப்புறம், "போனா ஒரு சூடம் கொளுத்திட்டு வா" என்றீர்கள். போனால் என்று சொன்னது உங்களையும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி. சூடத்தைப் பிளேனில் விடமாட்டார்கள். பினாங்கில் வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் பாஸ்போர்ட் ட்ரங்குப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் இருக்கிறது. 2029 வரைக்கும் செல்லும். தகவலுக்குச் சொன்னேன், வற்புறுத்தவில்லை.

மாமா வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று மட்டும் சொல்லுங்கள். தேயிலை என்று சொல்லாதீர்கள், கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறவர்களிடம் தேயிலையை நீட்டினால் சிரிப்பார்கள். கறுவாப்பட்டையும் கிராம்பும் வாங்கிவிட்டேன். வேறு ஏதும் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் பாப்பாவிடம் சொல்லுங்கள், பெட்டியில் இன்னும் இடம் இருக்கிறது.