கப்பலின் பின்கட்டையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நாள் முழுவதும் கிடைக்கும் சாப்பாடு, நீச்சல் குளம், நாடக அரங்கு, பால்கனி அறை என்று எல்லாம் விவரமாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் அந்தச் சாப்பாடு எந்த அடுப்பிலிருந்து வருகிறது, மிஞ்சியது எங்கே போகிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு கல்லூரி விடுதியில் அறுநூறு மாணவர்களுக்குச் சமைக்கும் கூடத்தை முப்பத்தொரு ஆண்டுகள் மேற்பார்த்தவன் என்ற முறையில் இது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. முன்கட்டில் இலை போட்டு விருந்து நடக்கும் வீட்டின் தரத்தைப் பின்கட்டில்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்தது.

சிங்கப்பூரில் வசிக்கும் என் மகளும் மருமகனும் அழைத்ததன்பேரில் சென்ற ஆண்டு நான்கு இரவுப் பயணமாகப் பினாங்கு, புக்கெட் வரை ஒரு பெரிய கப்பலில் போய் வந்தேன். என் தாத்தா இதே பினாங்குக்கு நாகப்பட்டினத்தில் ரஜுலா என்ற கப்பல் ஏறி, அறையில்லாத டெக் பயணியாகப் போனவர்; சமையல் புகை முகத்தில் அடிக்கும் இடத்தில் பாய் விரித்துப் படுத்ததாகச் சொல்வார். அவர் பேரனான எனக்குக் கப்பலில் மெத்தையும் குளிர்சாதனமும் கிடைத்தன. அடுப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதைத் தேடியபோதுதான், கப்பலின் கைபேசிச் செயலியில் மது ருசி பார்ப்பதற்கும் முக அழகு சிகிச்சைக்கும் நடுவே, கப்பலின் உட்புறத்தைச் சுற்றிக் காட்டும் ஏற்பாடு ஒன்று இருப்பது தெரிந்தது. கட்டணம் ஓர் ஆளுக்கு நூற்றிருபது அமெரிக்க டாலர், அதாவது ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய். நாலாயிரம் பயணிகளில் பதினாறு பேருக்குத்தான் இடம். மகள் எனக்குத் தெரியாமல் பணம் கட்டிவிட்டாள், தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன்.

முன்பெல்லாம் பயணிகளை, கப்பலைச் செலுத்தும் மாலுமி மேடைக்கும் இயந்திர அறைக்கும் அழைத்துப்போவது சாதாரணமாக நடந்ததாம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அந்தக் கதவுகள் மூடப்பட்டன. 2004 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித் தொகுப்பு அதை உறுதிப்படுத்தியது. பாதுகாப்புக்காக மூடியதில் தவறில்லை. மூடிய கதவைப் பிறகு டிக்கெட் போட்டுத் திறந்ததில்தான் வணிக மூளை தெரிகிறது. எங்களையும் சோதனைக் கருவியால் தடவிப் பார்த்து, விரல் தெரியாத காலணி அணிந்திருக்கிறோமா என்று உறுதி செய்துகொண்ட பிறகே உள்ளே விட்டார்கள்.

கப்பல்காரர்கள் சமையற்கூடத்தைக் 'கேலி' என்கிறார்கள். தமிழ்க் காதில் அது வேறு பொருளில் விழுந்தாலும், உள்ளே போனபின் கேலி செய்ய அங்கே எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். தீ அபாயம் கருதி எரிவாயு வைப்பதில்லை, அடுப்பெல்லாம் மின்சாரம். ஒவ்வோர் அடுப்பின் விளிம்பிலும் நாலு விரற்கடை உயரத்துக்கு எஃகுத் தடுப்பு ஓடுகிறது, அலையில் கப்பல் சாய்ந்தால் பாத்திரம் நழுவிவிடாமலிருக்க. இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், காய்கறிக்குப் பச்சை என்று வெட்டுப்பலகைகள் தனித்தனி. உறைந்த மீனையும் கறியையும் வெளியில் வைத்து உருக்குவதில்லை; அதற்கென்றே குளிரூட்டிய ஓர் அறையில் இரண்டு மூன்று நாள் முன்பே அடுக்கிவிடுகிறார்கள். நான் இருந்த விடுதியில் ஞாயிற்றுக்கிழமைக் கறியைச் சனி இரவு தொட்டித் தண்ணீரில் போட்டு வைத்த காலம் நினைவுக்கு வந்து சற்றுக் கூச்சப்பட்டேன்.

ஆனால் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது சுவரில் ஒட்டியிருந்த புகைப்படங்கள்தான். அன்றிரவு உணவுக்கூடத்துக்குப் போக வேண்டிய ஒவ்வொரு பண்டமும் தட்டில் எப்படி அமைய வேண்டும், குழம்பு எந்தப் பக்கம், கீரை எந்தப் பக்கம், எலுமிச்சைத் துண்டு எந்தக் கோணத்தில் என்று படம் பிடித்து, பரிமாறும் மேடைக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்கள். பல நாடுகளிலிருந்து வந்து, பல மொழி பேசும் சமையற்காரர்களுக்கு அந்தப் படமே பொதுமொழி. பயணிகளும் பணியாளர்களுமாக அந்தக் கப்பலில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். வேளைக்கு ஒரு முறை என்று வைத்தாலும் நாளொன்றுக்குப் பதினைந்தாயிரம் சாப்பாடு. நடுக்கடலில் உப்பு தீர்ந்தால் தெருமுனைக் கடைக்கு ஆள் அனுப்ப முடியாது. எந்தச் சரக்கு எத்தனை நாளுக்குக் காணும் என்று கணக்குப் பார்ப்பதற்கென்றே சரக்கறைத் தலைவர் ஒருவர் இருக்கிறார். அவரோடு ஒரு மணி நேரம் பேச ஆசைப்பட்டேன். நான்கு நிமிடம் கிடைத்தது.

அதற்கு ஓர் அடுக்கு கீழே குப்பை அறை. வந்தவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான் உள்ளே போனேன். கண்ணாடி, தகரம், காகிதம், பிளாஸ்டிக் என்று தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். சாப்பாட்டுக் கழிவு மட்டும் ஒரு நீண்ட எஃகுத் தொட்டியில் வந்து விழுகிறது. முழங்கைவரை கையுறை போட்ட ஓர் இளைஞர் அதற்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறார் என்று கேட்டேன். தட்டோடு சேர்த்துக் கொட்டப்பட்ட முட்கரண்டிகளையும் தேக்கரண்டிகளையும் எடுக்கிறார். அவை அரவை இயந்திரத்துக்குள் போனால் அதன் பல் உடையும். அவர் பக்கத்தில் இருந்த வாளி முக்கால்வாசி நிறைந்திருந்தது. தொட்டியில் கிடந்தவற்றைச் சமையற்காரன் கண்ணோடு பார்த்தேன்: எலும்பும் தோலும் குறைவு, வாய் வைக்காத கேக் துண்டுகளும், தோல் உரிக்காத வாழைப்பழங்களும், வறுத்த சோறும்தான் அதிகம்.

மீனுக்குத்தானே போகிறது என்று எங்கள் குழுவில் ஒருவர் சமாதானம் சொன்னார். கடல் அவ்வளவு இலகுவாக எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதில்லை. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பின்படி, சாப்பாட்டுக் கழிவை 25 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் விழும் அளவுக்கு அரைத்தால்தான் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம். அரைக்காததென்றால் 12 கடல் மைலுக்கு அப்பால் போக வேண்டும். சிறப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட கடல்களில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. பிளாஸ்டிக்கை எங்கேயுமே போடக்கூடாது. ஆகவே நாம் தட்டில் விட்டெறியும் ஒவ்வொரு பிடியும் பொறுக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, உரிய தூரம் வரும்வரை வைத்திருக்கப்பட்டு, பதிவேட்டில் ஏற்றப்பட்டுத்தான் வெளியேறுகிறது. அத்தனைக்கும் ஒரு மனிதர் கையுறை போட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

பணியாளர்கள் நடமாடும் நீண்ட நடைவழி ஒன்று கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடுகிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரை நெடுஞ்சாலையின் பெயரால் அதை 'ஐ 95' என்று அவர்கள் அழைக்கிறார்கள். கம்பளமோ ஓவியமோ கிடையாது. வர்ணம் பூசிய இரும்பும், கைவண்டிகளும், அறிவிப்புப் பலகைகளும்தான். முந்தின இரவு எங்களுக்குப் பரிமாறிய கோவாக்காரத் தம்பி ஆப்பிள் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். என்னைக் கண்டதும் வண்டியை ஓரங்கட்டி, "இங்கே எப்படி அங்கிள்?" என்று இந்தியில் கேட்டு, உடனே சுற்றிக்காட்டிய அதிகாரியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு, இரவு விருந்து என்று மூன்று வேளையும் நிற்பவருக்கு நடுவில் இந்த வேலையும் இருக்கிறது என்று அதற்குமுன் நான் எண்ணியதில்லை.

2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்து, 2015இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, குறைந்தபட்ச ஓய்வை நாளுக்கு 10 மணி நேரம், ஏழு நாளுக்கு 77 மணி நேரம் என்று வகுக்கிறது. அந்த ஓய்வை இரண்டு துண்டாக உடைக்கலாம், ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம் என்பதால், இந்த அளவு 91 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கிறது. விதி மீறப்படுவதாக நான் சொல்லவில்லை. விதியே அந்த அளவில்தான் இருக்கிறது என்கிறேன்.

இவ்வளவையும் பார்த்தது பயணத்தின் கடைசி முழு நாளில். என் மனக்குறை இதுதான். அதற்குள் மூன்று இரவு விருந்துகள் முடிந்துவிட்டன. முதல் நாளே பஃபே வரிசையில் என் பேரன் ஐந்து வகை இனிப்பு எடுத்துவந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் தின்றுவிட்டு எழுந்தபோது, பணம் கட்டியாயிற்று, குழந்தைதானே என்று நானே சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் சிங்கி இறால் இரவில் மூன்று தட்டு வரவழைத்து ஒன்றரையைத் திருப்பி அனுப்பியபோது அவரைக் குறை நினைத்தேனே தவிர, என் தட்டைப் பார்த்துக்கொள்ளவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் எச்சில் வாளியை எடைபோட்டவனுக்கே கண்ணில் படாதபோது கண்டுகொள்வதில்லை என்றால், மற்றவர்களை என்ன சொல்வது?

கடைசி இரவு மகளிடமும் பேரனிடமும் அந்தக் கையுறைக்காரரைப் பற்றிச் சொன்னேன். பேரன் ஒரு தட்டு மாம்பழ இனிப்பு கேட்டு வாங்கி, கரண்டியை வழித்து நக்கிவிட்டு, அதைத் தட்டிலிருந்து எடுத்துத் தனியாக மேசைமேல் வைத்தான். ஏன் என்று கோவாக்காரத் தம்பி கேட்டதற்கு, "கீழே இருக்கிற அண்ணனுக்குத் தேட வேண்டாமே" என்றான். மகள் இந்தியில் சொல்லக் கேட்டு அந்தத் தம்பி சிரித்துவிட்டு, மறுநாள் காலை உணவுக்கு, நாங்கள் கேளாமலேயே, பணியாளர் சமையலிலிருந்து ஒரு கிண்ணம் பருப்பும் சோறும் கொண்டுவந்து வைத்தார். நான்கு நாளில் நான் சாப்பிட்டதிலேயே ருசியானது அதுதான் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஆகவே கப்பல் நிறுவனங்களுக்கும், அவற்றின் சீட்டுகளை நம் ஊரில் விற்கும் பயண முகவர்களுக்கும் தங்கள் வாயிலாக ஒரு வேண்டுகோள். இயந்திரக் கட்டுப்பாட்டு அறையையும் மாலுமி மேடையையும் பதினாறு பேருக்கு விலைக்குக் காட்டுவதானால் காட்டட்டும். சமையற்கூடத்தையும் குப்பை அறையையும் அந்தக் கட்டணச் சீட்டிலிருந்து பிரித்து, முதல் நாளே, எல்லாப் பயணிகளுக்கும் இலவசமாகக் காட்ட வேண்டும். உயிர்காப்புப் பயிற்சிக்கு எல்லோரையும் கட்டாயமாக வரச்சொல்லும் கப்பலுக்கு இது முடியாத காரியமல்ல. சுகாதாரம் கெடும் என்பார்கள். அது நியாயமான கவலைதான், நானும் வெளியாட்களைச் சமையல் கட்டுக்குள் விட்டதில்லை. அதற்குக் கண்ணாடித் தடுப்பு ஒன்று போதும். அதுவும் இயலாவிட்டால் அறைத் தொலைக்காட்சியில், சூதாட்டக் கூடத்தின் விளம்பரத்துக்குப் பதிலாகக் கால் மணி நேரம் காட்டட்டும்.

ஒன்றில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. பணியாளர்கள் உண்ணும் கூடத்தையும் எங்களுக்குக் காட்டினார்கள். கவளத்தைக் கையில் பிடித்தபடி அவர்கள் எங்களை நிமிர்ந்து பார்த்தபோது, அங்கே போயிருக்கக்கூடாது என்று தோன்றியது. அவர்களுடைய ஓய்வு நேரம் எவருக்கும் காட்சிப் பொருளல்ல. அந்தப் பகுதியைச் சுற்றிலிருந்து நீக்கிவிடுவதே மரியாதை.

அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களின் சுகாதாரத்தை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் சோதித்து நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுகிறது. 86 எடுத்தால்தான் தேர்ச்சி. அந்த மதிப்பெண்ணை எவரும் பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரிலோ, 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்ப்ரஸ் என்ற சொகுசுக் கப்பல் முதன்முறையாகப் புறப்பட்டபோது, கட்டணம், கேளிக்கை, சூதாட்டம் என்று நாம் பேசாத பேச்சில்லை. 1990இல் பிரான்சில் கட்டப்பட்டு, பல கடல் சுற்றி நம்மிடம் வந்த அந்தக் கப்பலின் சமையற்கூடம் எப்படி இருக்கும் என்று என் நினைவில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தங்கள் செய்தியாளர் அடுத்த முறை ஒரு கப்பலுக்கு அழைக்கப்பட்டால், விருந்து மேசையில் உட்காரும் முன் குப்பை அறைக்கு ஒரு நடை போய்வந்து, அந்த வாளியில் எத்தனை கரண்டி கிடந்தது என்பதையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதி உணவுக்கூட மேற்பார்வையாளர்,
திருவாரூர்.