கேட்டு எழுதிய கைகளுக்கு

இலக்கியத்திலும் வாழ்க்கையிலும் பெண்களைப் பற்றி எங்கள் மாணவர்கள் எழுதிய கட்டுரைகள் போன வாரம் தொகுப்பாக அச்சாகி வந்துவிட்டன. முதல் பக்கத்தில் பதிப்பாசிரியர் என்று என் பெயர் இருக்கிறது. உழைத்தவர்கள் பலருடைய பெயர் அதில் எங்கேயும் இல்லை. போட வேண்டாம் என்று சிலர் அவர்களாகவே கேட்டுக்கொண்டார்கள். அதனால் இந்த மடலிலும் யார் பெயரையும் சொல்லவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி கடைசி வரிசையில் உட்காரும் அந்த மாணவிக்கு. புறநானூற்று 279ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. நேற்று நடந்த போரில் கணவனைப் பறிகொடுத்தவள், இன்று போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனைக் களத்துக்கு அனுப்புகிறாள். கையில் வேல் கொடுக்கிறாள், வெள்ளை உடை உடுத்திவிடுகிறாள், பறந்து கிடக்கும் அவன் குடுமிக்கு எண்ணெய் தடவுகிறாள், போ என்கிறாள். மறக்குடிப் பெண்ணின் வீரம் என்றுதான் பல வருடங்களாக இதை நடத்தி வந்திருக்கிறேன். தேர்வுக்கும் அதுதான் விடை. அவள் எழுந்து, "சண்டைக்குப் போற பிள்ளைக்கு எதுக்கு மிஸ் எண்ணெய்?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நீயே யோசித்து எழுதி வா என்றேன். மறுநாள் ஒரு பக்கம் எழுதி வந்தாள். வேல் கொடுத்தது ஊருக்காக, எண்ணெய் தடவினது அவளுக்காக, அவ்வளவு நேரம் கூடுதலாக அவன் தலை அவள் கையில் இருந்திருக்கும் என்று அதில் இருந்தது. அந்த ஒரு பக்கத்திலிருந்துதான் இந்தத் தொகுப்பே பிறந்தது. மகளே, இனிமேல் அந்தப் பாட்டை என்னால் பழைய மாதிரி நடத்த முடியாது.

அப்புறம் வகுப்பில் 34 பேருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தேன். இலக்கியத்தில் வரும் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு பக்கம், உங்களுக்கு நேரில் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றி ஒரு பக்கம். முதல் மாதம் வந்தவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பெண் என்பவள் தியாகத்தின் உருவம், பெண் என்பவள் குடும்பத்தின் விளக்கு. அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பெண் என்பவள்" என்று தொடங்கும் வாக்கியமே கூடாது என்று சொன்னேன். அவள் யார், அன்றைக்கு என்ன செய்தாள், என்ன சொன்னாள், அதை மட்டும் எழுதுங்கள். முகம் சுளிக்காமல் மூன்றாவது முறையும் நான்காவது முறையும் எழுதிக் கொடுத்த எல்லோருக்கும் நன்றி. கை வலிக்குது மிஸ் என்று சொல்லிக்கொண்டே எழுதினீர்கள். அந்த வலியின் பலன் தொகுப்பில் தெரிகிறது.

இது பெண்களைப் பற்றி, நாங்கள் எழுத என்ன இருக்கிறது என்று தயங்கிய பையன்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அவர்களில் ஒருவன் மூன்று நாள் விடுமுறையில் தன் அம்மா எப்போது உட்காருகிறார் என்று மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தான். கட்டுரையில் அலங்காரம் ஒன்றும் கிடையாது, நேரங்கள்தான். முதல் நாள் அவர் முதன்முதலாக உட்கார்ந்தது மதியம் 2.40க்கு. எழுந்தது 2.51க்கு, அதுவும் இவன் தண்ணீர் கேட்டதால். "நான் கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருப்பார்" என்று கீழே ஒரே ஒரு வரி. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவன் அப்பா என்னைத் தேடி வந்தார். கோபமாக இருப்பாரோ என்று நினைத்தேன். இதில் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டார். அவருக்கும் நன்றி.

எல்லோரும் கண்ணகியை எடுத்தபோது மாதவியை எடுத்த இருவரும் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தார்கள். கோவலன் பிரிந்து போன மாலையே தாழம்பூ மடலில், செம்பஞ்சுக் குழம்பில் பித்திகை மொட்டைத் தோய்த்து மாதவி கடிதம் எழுதுகிறாள். அவன் வாங்கவே இல்லை. பிறகு கோசிகன் என்ற அந்தணர் கையில் இன்னொரு கடிதம் போகிறது. அதைப் படித்தபின்தான் இவள் மேல் குற்றமில்லை, என் மேல்தான் என்று அவன் உணர்கிறான். உணர்ந்தவன் ஒரு வரி பதில் எழுதவில்லை. அதே கடிதத்தைத் தன் பெற்றோருக்குக் கொடுக்கும்படி திருப்பி அனுப்பிவிடுகிறான். அவள் எழுதியதே அவன் தன் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதற்கும் பொருந்தியதாம். "இரண்டு கடிதம் எழுதியவளுக்கு ஒரு பதிலும் வரவில்லை" என்று முடித்திருந்தார்கள். கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததைச் சொன்ன வேகத்தில் நாம் இதைக் கடந்து போய்விடுகிறோம். பாரி மகளிரைப் பற்றி எழுதிய பெண்ணும் இப்படித்தான் ஓர் இடத்தில் நின்றாள். புறநானூற்று 112ஆம் பாட்டு ஐந்தே வரி. போன மாத நிலவில் அப்பாவும் இருந்தார், குன்றும் இருந்தது, இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. இப்படிப் பாடியவர்களுக்குப் பாட்டில் பெயரே இல்லை, பாரியின் மகள்கள் என்பதே அடையாளம். சங்கத் தொகைகளில் பாடிய பெண்கள் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரை நமக்குப் பெயர் சொல்லித் தெரியும் என்று அவள் கேட்டிருக்கிறாள்.

நூலகத்தில் இருக்கும் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? பூட்டும் நேரம் தாண்டியும் எத்தனையோ நாள் எங்களுக்காக விளக்கை எரிய விட்டார். வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றி மாணவர்களிடம் முதலில் சொன்னவர் அவர்தான். கோதைநாயகி 1901இல் பிறந்தவர். முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் தன் கையால் எழுதவில்லை, அப்போது அவருக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக்கொண்டார். பின்னால் தானே எழுதப் பழகி 115 நாவல்கள் எழுதினார், 'ஜகன்மோகினி' இதழையும் பல ஆண்டுகள் நடத்தினார். வங்கத்தில் ராசசுந்தரி தேவி புத்தகத்திலிருந்து ஒரே ஓர் ஏட்டை உருவி அடுக்களையில் ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு ரகசியமாகப் படிக்கக் கற்றார். பிறகு 1876இல் தன் வாழ்க்கையையே புத்தகமாக வெளியிட்டார். இந்த இரண்டு கதைகளையும் அக்கா ஒரே மாலையில் சொன்னார். அன்றைக்கே ஒரு மாணவி கேட்டாள்: "எங்க பாட்டிக்கு எழுத வராது மிஸ். நான் பட்டம்மாளா இருக்கலாமா?"

சரி என்றேன். பதினொரு பேர் அப்படி எழுதினார்கள். அவர்களுக்கு வாய் திறந்து பேசிய பாட்டிகளுக்கும் அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் நான் தலை வணங்குகிறேன். என்னத்தைச் சொல்ல, என் கதையில் என்ன இருக்கு என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். படிப்பை நிறுத்தினார்கள் என்று எத்தனையோ முறை ஒரு வரியில் எழுதியிருப்போம். தம்பி பிறந்ததால் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவர், அதற்குப் பிறகும் ஒரு வருடம் காலை மணி அடிக்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நின்றதைச் சொன்னார். தம்பி இடுப்பில் இருப்பான், தோழிகள் கையசைத்துவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் கையசைப்பதும் நின்றுவிட்டது. அதன் பிறகு மணி அடித்தால் உள்ளே போய்விடுவாராம். இதை எழுதும்போது பேத்திக்கு அழுகை வந்து பாதியில் நிறுத்தியிருக்கிறாள். பாட்டிதான் அவளைத் தேற்றி மீதியைச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு மாணவிக்கு நன்றியோடு மன்னிப்பும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவளுடைய கட்டுரை அவ்வளவு நன்றாக இருந்தது என்று, அவளைக் கேட்காமல் வகுப்பில் சத்தமாகப் படித்துவிட்டேன். அதில் அவள் வீட்டு விஷயம் இருந்தது. மணி அடித்ததும் என்னிடம் வந்து, "உங்களுக்காக மட்டும்தான் மிஸ் எழுதினேன்" என்றாள். தப்பு முழுக்க என்னுடையது. என் முகத்துக்கு நேராகச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அதன் பிறகுதான் எழுதியவரிடம் மட்டுமல்லாமல், யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவரிடமும் வாசித்துக் காட்டி அனுமதி வாங்குவது என்று வைத்துக்கொண்டோம். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள், எடுத்துவிட்டோம். ஓர் அம்மா மட்டும், பெயரை ஏன் மறைக்க வேண்டும், முழுப் பெயரும் போடுங்கள் என்றார். போட்டோம். அந்த மாணவியின் கட்டுரை தொகுப்பில் இல்லை. அவள் அதைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

மாணவர்களின் கையெழுத்தோடு மல்லுக்கட்டித் தட்டச்சு செய்தவருக்கும், ஒற்றுப்பிழைகளை மூன்று முறை பார்த்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், சனிக்கிழமைகளில் வகுப்பறையைத் திறந்துவிட்டு நாங்கள் கிளம்பும்வரை காத்திருந்த ஆயாவுக்கும் என் அன்பு. ஆயா, அடுத்த தொகுப்பில் உங்களைப் பற்றி எழுத இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள், கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

கடைசியாகப் பக்கம் வடிவமைத்த அண்ணனுக்கு. மணிச் சத்தம் கேட்டு வாசலில் நின்றாரே, அந்தப் பாட்டி, பேத்தி எழுதியதை முழுதும் கேட்டுவிட்டு, கீழே நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று பேனாவை வாங்கியிருக்கிறார். பேனா பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டதால் மற்ற எழுத்துகளுக்கு வரியில் இடமில்லை. அவை ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கி, கடைசி எழுத்து தாளின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இதைச் சின்னதாக்கிக் கட்டுரைக்கு அடியில் வைத்துவிடலாமா என்று நான் கேட்டேன். அண்ணன் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த அலங்காரக் கோடுகளை எல்லாம் அழித்தார், கட்டுரையின் கடைசிப் பத்தியை முந்தைய பக்கத்துக்கு ஏற்றினார், எழுத்தின் அளவில் கை வைக்காமல் அந்தக் கையெழுத்துக்கு ஒரு முழுப் பக்கத்தை விட்டார். தொகுப்பில் அது 63ஆம் பக்கம்.