ஒரே கேள்வி, ரெண்டு பதில்

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. இங்கே அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் சுகம். வாப்பாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. சுப்ஹு (அதிகாலை) தொழுகையை வீட்டிலேயே தொழுகிறார்கள்.

மகன் யாரிடமும் எதையும் கேட்பதில்லை, மார்க்கம் முழுக்க போனிலிருந்தே எடுத்துக்கொள்கிறான், ராத்திரி ரெண்டு மணி வரை பயான் (மார்க்கச் சொற்பொழிவு) பார்க்கிறான் என்று எழுதியிருந்தாய். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று கேட்டிருந்தாய். உடனே பதில் எழுத முடியவில்லை. ஏனென்றால் அதே விஷயம் போன மாதம் எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

தங்கச்சி மகன் சென்னையில் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். லீவுக்கு வந்தவன் வாப்பாவுக்குப் பின்னால் நின்று சுப்ஹு தொழுதான். ரெண்டாவது ரக்அத்தில் ருகூஉ (குனிதல்) முடிந்து நிமிர்ந்ததும் வாப்பா கையை ஏந்தி குனூத் என்ற பிரார்த்தனையை ஓதினார்கள். இவன் கையைத் தொங்கவிட்டபடி நின்றான். ஸலாம் கொடுத்ததும், “அப்பா, இது பித்அத். இதுக்கு ஆதாரமே கிடையாது” என்றான். தாத்தாவை அவன் அப்பா என்றுதான் கூப்பிடுவான். பித்அத் என்றால் மார்க்கத்தில் புதிதாக நுழைத்தது என்று அர்த்தம். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. தஸ்பீஹ் மணி விரலிலேயே நின்றுவிட்டது. அன்றைக்குக் காலையில் பசியாறவும் வரவில்லை.

அவன் பார்த்த வீடியோவை வாங்கிப் பார்த்தேன். மொத்தம் நாலு நிமிஷம். பேசியவர் பொய் சொல்லவில்லை. சுப்ஹில் அன்றாடம் குனூத் இல்லை என்பது அறிஞர்கள் பலருடைய கருத்துதான். ஹனஃபி மத்ஹபை (மார்க்கச் சட்ட வழியை) பின்பற்றுகிறவர்கள் ராத்திரி வித்ர் தொழுகையில் ஓதுகிறார்கள். நம்ம ஷாஃபி மத்ஹபில் சுப்ஹில் ஓதுவது சுன்னத் (நபிவழி). ரெண்டு பக்கமும் ஆதாரம் வைத்துத்தான் பேசியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவன் ஷாஃபி வீட்டுப் பிள்ளை, எழுபத்தைந்து வயது அப்பாவுக்குப் பின்னால் நிற்கப் போகிறான் என்பது அந்த வீடியோவுக்கு எப்படித் தெரியும்?

“மத்ஹபுன்னா என்னப்பா?” என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் ஓதப்பள்ளியை நிறுத்தி டியூஷனில் விட்டோம். கேள்வி கேட்கிற வயது வந்தபோது வாத்தியார் இல்லை. இன்னொன்றும் சொன்னான். ஓதப்பள்ளியில் ஒருநாள் விதியைப் பற்றி ஏதோ கேட்டானாம். “இப்படியெல்லாம் கேட்டா ஈமான் போயிடும்” என்று அதட்டி உட்கார வைத்துவிட்டார்களாம். “போன் அதட்டாது மாமா” என்றான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பள்ளியில் நான் மூன்றாம் வகுப்புக்கு எடுக்கிறேன், உனக்குத் தெரியும். 2022ல் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துத்தான் பாடம். கொரோனாவில் வகுப்பையே பார்க்காத பிள்ளைகளுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அன்றைக்கு 52-இல் 17 போனால் எவ்வளவு என்று கொடுத்தேன். ரெண்டு பேர் 45 என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி ஏழிலிருந்து ரெண்டைக் கழித்திருக்கிறாள், கடன் வாங்கத் தெரியவில்லை. இன்னொருத்தன் அவளைப் பார்த்து எழுதியிருக்கிறான், அவனுக்கு 17 என்ற எண்ணே இன்னும் பிடிபடவில்லை. அவளுக்குத் தீக்குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டினேன். அவனை எண்ணுவதிலிருந்து தொடங்க வைத்தேன். பக்கத்தில் உட்காராமல் இது தெரிய வருமா?

நம்ம ஓதப்பள்ளி உஸ்தாது (ஆசிரியர்) இதைத்தானே செய்தார்கள் மச்சான்! ஒரே பாயில் ஒருத்தன் அலிஃப், பே என்று அரபு எழுத்து. நீ யாசீன் அத்தியாயம். நான் அப்போதும் ‘அலம் தர’ என்ற சின்ன அத்தியாயத்தைத் தாண்டவில்லை. முப்பது பேரும் சேர்ந்து சத்தமாக ஓதுவோம். அந்த இரைச்சலுக்குள் நான் அல்ஹம்துவில் ‘ஹ’வை மேலாக விட்டால் கண்ணை மூடியிருந்தவர்கள் அப்படியே என் பக்கம் திரும்புவார்கள். தன் தொண்டையில் விரலை வைத்து, “இங்கேருந்து வரணும்” என்பார்கள். பாடம் சரியானால்தான் மறுநாள் புதுப் பாடம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர், நோன்பு வைத்துக்கொண்டு மனைவியை அணைக்கலாமா என்று கேட்டார். அனுமதித்தார்கள். இன்னொருவர் அதையே கேட்டார். தடுத்தார்கள். அனுமதி கிடைத்தவர் முதியவர், தடுக்கப்பட்டவர் இளைஞர். எதிரில் நிற்பவரைப் பார்த்துச் சொன்ன பதில் அது. இமாம் ஷாஃபியும் இராக்கில் சொன்ன கருத்துகள் பலவற்றை எகிப்துக்குப் போன பிறகு மாற்றிச் சொன்னார்கள். பழைய சொல், புதிய சொல் என்று இன்றைக்கும் கிதாபுகளில் ஓதுகிறார்கள்.

அதற்காகப் போனைப் பிடுங்கி வைக்காதே. ஓமானில் இருக்கிற என் மகள் ரெண்டு கைப்பிள்ளைகளோடு வாரம் மூன்று நாள் ஜூமில் தஜ்வீத் (குர்ஆனைச் சரியாக உச்சரிக்கும் முறை) ஓதுகிறாள். திரைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆலிமா (மார்க்கம் படித்த பெண்) இருக்கிறார். இவள் ஓதுவதைக் கேட்டு, நிறுத்தி, திருத்துகிறார். கேட்கிற பிள்ளையைத் தெரிந்துகொண்டு பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும், அது திண்ணையானாலும் சரி, ஜூம் ஆனாலும் சரி.

நம்ம முஹல்லாவில் (பள்ளிவாசல் பகுதியில்) இளவயது ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவர் இருக்கிறார். தங்கச்சி மகனை அவரிடம் கூட்டிப்போனேன். விதியைப் பற்றிய அந்தப் பழைய கேள்வியைத்தான் முதலில் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, “இது நபியின் தோழர்களான ஸஹாபாக்களும் கேட்ட கேள்விதான்” என்று தொடங்கி மஃரிப் (அந்தி) பாங்கு வரை பேசினார். அப்புறம் குனூத். பையன் இன்னும் கை ஏந்துவதில்லை. ஆனால் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வாப்பாவிடம் போய், “அப்பா, உங்களுக்கு ஆதாரம் இருக்கு, நான்தான் தெரியாமப் பேசிட்டேன்” என்றான். வாப்பா அவன் தலையில் கை வைத்து துஆ செய்தார்கள்.

இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் அஸர் (மாலை) தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் அவர் உட்காருகிறார். நாலைந்து பையன்கள் வருகிறார்கள். எந்தக் கேள்விக்கும் தடை கிடையாது. பெருநாள் லீவுக்கு வரும்போது மகனைக் கூட்டிக்கொண்டு வா. அதுவரை அவன் போனில் என்ன தேடுகிறான் என்று உளவு பார்க்காதே, என்ன கேட்க நினைக்கிறான் என்று அவனிடமே கேட்டு எனக்கு எழுது. ஆலிமிடம் சொல்லி வைக்கிறேன்.

மைனிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். உம்மா உன்னை ரொம்ப விசாரித்தார்கள்.

வஸ்ஸலாம்,
உன் ஓதப்பள்ளிக் கூட்டாளி