சிவப்புப் பட்டை

அன்புள்ள செல்வம்,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் நலம். மூர்த்தி வீட்டுக் கல்யாணத்தில் மறுபடியும் மைக்கைப் பிடித்தாயாமே, யார் கொடுத்தது?

சரி, விஷயம் இதுதான். மகளிர் உரிமைத் தொகைக்குத் தனக்குத் தகுதி உண்டா என்று ஒரு பெண் தானே செல்போனில் பார்த்துக்கொள்ள எங்கள் குழு ஒரு இணையப் பக்கம் செய்கிறது. 2023-இல் வந்த விதிகளை எடுத்துவைத்தோம். 21 வயது, குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் என்பதைப் பார்த்ததும், சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று பசங்கள் குதித்தார்கள்.

நிலத்தில் மாட்டிக்கொண்டோம். நன்செய் என்றால் 5 ஏக்கருக்குள், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள். நாலு ஏக்கர் நன்செய்யும் எட்டு ஏக்கர் புன்செய்யும் சேர்த்து வைத்திருக்கிற குடும்பம்? ஒருவன் ‘தகுதி உண்டு’ என்று எழுதிவிட்டான். பக்கத்தில் இருந்தவள் ஒரு ஏக்கர் நன்செய்க்கு இரண்டு ஏக்கர் புன்செய் என்று கணக்குப் போட்டு ‘இல்லை’ என்றாள். இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது.

மின்சாரம் இன்னும் மோசம். ஆண்டுக்கு 3600 யூனிட்டைத் தாண்டினால் கிடையாது. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கிற வீடுகள் உனக்குத் தெரியாததா? வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்துத் தனித்தனியாகக் காசு வாங்கிக்கொள்வார். வாரியத்தின் கணக்கில் எல்லாம் ஒரே இணைப்புதான். அப்புறம், கார் இருந்தாலும் கிடையாதே, விற்று வருஷக்கணக்காகியும் ஆர்.சி.யில் பேர் மாற்றாத கார்?

சிரிக்காதே, எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது. விண்ணப்பித்து நிராகரித்தால் 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். எங்கள் பக்கம் சிவப்புப் பட்டையில் ‘தகுதி இல்லை’ என்று காட்டினால் அவள் விண்ணப்பிக்கவே மாட்டாள். எதை வைத்து மேல்முறையீடு செய்வாள்? நிராகரிப்பும் இல்லை, காகிதமும் இல்லை.

கம்ப்யூட்டர் லஞ்சம் வாங்காது என்பாய். ஆஸ்திரேலியாவில் அரசு உதவித்தொகையைக் கூடுதலாக வாங்கியவர்களைக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துத் திரும்பக் கேட்க ‘ரோபோடெட்’ என்று ஒன்று நடத்தினார்களே, அதுவும் லஞ்சம் வாங்கவில்லை. ஆண்டு வருமானத்தை 26-ஆல் வகுத்து, இரு வாரத்துக்கு இவ்வளவு சம்பாதித்திருப்பாய் என்று தானாகவே முடிவு கட்டியது. சில மாதம் மட்டும் வேலை பார்த்துவிட்டு மற்ற மாதங்களில் உதவித்தொகை வாங்கியவர் தலையில் இல்லாத கடன் ஏறியது. சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. 2023-இல் விசாரணை ஆணையம் கிழித்துத் தொங்கவிட்டது.

அதனால் ‘இல்லை’ என்று எங்கேயும் காட்டக் கூடாது, ‘இந்த விதியில் இடிக்கிறது, இந்தக் காகிதத்தோடு விண்ணப்பியுங்கள்’ என்றுதான் காட்ட வேண்டும் என்கிறேன். இந்த வேலைக்கு எங்களுக்குப் பணம் கொடுப்பவர்களுக்குப் பச்சை, சிவப்பு இரண்டு போதுமாம். நான் ஒத்துக்கொள்வதாக இல்லை.

நீ தாலுகா ஆபீசில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன். நன்செய்யும் புன்செய்யும் கலந்து வந்தால் எப்படிக் கணக்கிடுவீர்கள்? கூட்டுப் பட்டா என்றால் யார் பங்கில் சேர்ப்பீர்கள்? எழுதி அனுப்பு. வாட்ஸப்பில் பேசி அனுப்பாதே, உன் குரலைக் கேட்டால் பசங்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அன்புடன்,
ரவி